சவர் ஒரு துளி

போன கிழமை, மேசை வேலை பழக வருகிற உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காக்கா, நீங்க ஒரு நாளும் வைன் குடிச்சதில்லையாமே. அப்ப எப்படி இத்தின வருசமா அத ஆக்களுக்கு ஊத்திக் குடுத்தீங்க?" கேட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிக் கதையை மாற்றினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அப்படி மழுப்பியிருக்கக் கூடாது என்று உறைத்தது. இதே வேலையில் முன்பும் ஒரு தடவை நான் மழுப்பியிருக்கிறேன். அதனால் ஒரு நல்ல மனிதனின் பிழைப்பே போனது.

ஆகையால் எழுதித் தருகிறேன். மேசை விரிப்பது, கண்ணாடி துடைப்பது, எந்தக் கையால் எதை வைப்பது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. நான் சொல்லப் போவது ஒரு போத்தலையும் ஒரு கரண்டியையும் பற்றி.

அது ஐம்பதுகளின் முதற்பாதி. கரையிலிருந்து உள்ளே காடு வெட்டி அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்முனைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு வாடிவீடு இருந்தது. உத்தியோகத்தர்கள் வந்து தங்கிப் போகிற இடம். அதன் பெயர் வேண்டாம். கட்டடமும் இப்போது இல்லை, கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே மேசை முழுவதும் என் பொறுப்பு. எனக்கு இருபத்தாறு வயது, சாய்ந்தமருதில் வீடு. வாப்பா பள்ளிவாசல் மரைக்கார்; பள்ளிவாசல் காரியங்களை நடத்துகிறவர்களில் ஒருவர். நான் வாடிவீட்டில் வேலை செய்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும். அங்கே என்னென்ன ஊற்றுகிறேன் என்பதை ஊர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊற்றிக் கொடுப்பதும் எங்கள் மார்க்கத்தில் ஆகாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை.

குசினியில் சமைத்தவர் சொறிக்கல்முனையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர். அவருக்கும் என் வயதுதான். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னைக் கேலியாகக் காக்கா என்பார்; எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். அவருடைய பெயரை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. கடைசிவரை வாசித்தால் ஏன் என்று விளங்கும். மெலிந்த ஆள். கள் முட்டி இருக்கும் பக்கமே போகமாட்டார். ஆனால் அவருடைய நாக்கு இருக்கிறதே, அப்படியொன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு துண்டு மீனை வாயில் போட்டுவிட்டு, அது காலையில் பிடித்ததா முந்தின நாள் பிடித்ததா என்பதோடு, எந்த எண்ணெயில் எத்தனையாவது தரம் பொரித்தது என்றும் சொல்லுவார்.

அணை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் வருவார். உயரமான, அமைதியான மனிதர். காட்டுச் சூட்டில் முகம் சிவந்திருக்கும். வரும்போது தன் நாட்டு வெள்ளை வைன் இரண்டொரு போத்தல் கொண்டு வருவார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வைன் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சேர்."

"நான் குடிக்க முதல் நீ ருசி பார்த்து, போத்தல் சரியா பிழையா என்று சொல்லவேண்டும். சொல்லுவாயா?"

"சொல்லுவேன் சேர்."

வேலைக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய். தெரியாது என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். போத்தலோடு குசினிக்குள் போய் நின்றேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு கரண்டியை நீட்டினார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். வாடிவீட்டுக் கிணறு கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஊறுவது சவர்த் தண்ணீர். குடிக்க முடியாத, உப்புக் கரிக்கிற தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வண்டியில் பீப்பாயில் வரும். சவரானாலும் கிணற்றின் அடி நல்ல குளிர். போத்தலை ஒரு கூடையில் வைத்து, காலையிலேயே கயிற்றில் கட்டி இறக்கிவிடுவேன். மதியம் தூக்கினால் கைக்குச் சில்லென்று இருக்கும். குசினியில் வைத்து மூடியை இழுப்பேன், ஒரு கரண்டி ஊற்றுவேன். மச்சான் அதை வாயில் விட்டு இரண்டு தரம் சுழற்றி, அடுப்படிச் சாம்பலில் துப்பிவிட்டுச் சொல்லுவார். ஒரு துளிகூட விழுங்கி நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதை நான் மேசையில் போய் என் சொல்லாகச் சொல்லுவேன்.

அவர் முதன்முதலில் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. "இஞ்ச பாருங்க காக்கா, இது வெறும் புளிப்பில்ல. முதல்ல தேசிக்காத் தோல் மணக்குது. மறுகா, கழுவின மட்டிச் சிப்பி. கடைசியில மழையில நனைஞ்ச கல்ல நக்கின மாதிரிக் கிடக்கு. பல்லுக் கூசுது, ஆனா இன்னொரு வாய் தா எண்டு கேக்குது."

நான் அதை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் போய்ச் சொன்னேன். இஞ்சினியர் கண்ணாடியை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். வைக்கோல் கழுவிய தண்ணீர் போல வெளுத்த மஞ்சள், ஓரத்தில் மெல்லிய பச்சை. முகர்ந்தார். ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சிப்பி என்றா சொன்னாய்?" என்று கேட்டார். அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோசம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு தன்னோடு சரியாகக் கதைத்த முதல் ஆள் நான்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொரு நாள் மச்சான் கரண்டியை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "நனைஞ்ச சாக்கு. குடுக்காதீங்க." நான் போய்ப் போத்தல் பழுது என்றேன். இஞ்சினியர் முகர்ந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார். வாடிவீட்டுப் பொறுப்பாளரை நாங்கள் கீப்பர் என்போம். அவரைக் கூப்பிட்டு, இவனுடைய நாக்கை விற்றுவிடாதே என்று இஞ்சினியர் சொன்னார். கீப்பர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் புகழை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டேன். குசினிக்குப் போய் மச்சானிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். "நாக்கு என்ட, பேர் உங்கட. பரவாயில்ல காக்கா, நாக்கு இல்லாட்டிப் பேரும் இல்லதானே."

இப்போது அந்த ஞாயிறு. மாரி தொடங்கிய நேரம். இஞ்சினியர் தன் மேலதிகாரியையும் அவருடைய மனைவியையும் விருந்துக்குக் கூட்டி வந்திருந்தார். இஞ்சினியருக்குக் கடுமையான தடிமன். மூக்கு அடைத்து, கண் கலங்கி, குரலே மாறிப்போயிருந்தது. மேசையில் இருக்கிற பூவின் வாசம்கூடத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டார். நான் அன்று அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். கரண்டி வழக்கத்தை விட்டுவிட்டு, போத்தலை நேரே மேசையில் திறந்து மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டேன்.

மேலதிகாரியின் மனைவி இனிப்பு வைன் குடித்துப் பழகியவர் போலும். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியைத் தள்ளி வைத்தார். "இதில் ஏதோ பிழை இருக்கிறது" என்றார். மேலதிகாரியும் முகத்தைக் கோணினார். இஞ்சினியர் தன்னுடையதை வாயில் வைத்தார். தடிமன் பிடித்த வாய்க்கு என்ன தெரியும்? வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். "என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ சொல். இது சரியா?"

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிசம் சேர்" என்று சொல்லிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். மச்சான் மீன் பொரித்துக்கொண்டு நின்றார். கரண்டியை நீட்டினேன். வாயில் விட்டார், சுழற்றினார், துப்பினார். அவர் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"சவர் ஒரு துளி கிடக்கு காக்கா. அதுதான் இதுட அழகு. இதுவரைக்கும் வந்ததுக்குள்ள இதுதான் திறம்."

சவர் என்ற சொல் விழுந்ததும் என் காது அடைத்துக்கொண்டது. நாங்கள் கரையில் பிறந்தவர்கள். எங்கள் உம்மா நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி ஒவ்வொரு நாளும் மணலில் நடந்தவர். மாப்பிள்ளை போய்க் குடியிருக்கப் போகிற பெண்வீட்டுக் கிணறு சவரா நல்லதா என்று கலியாணம் பேசும்போதே விசாரிக்கிற ஊர் எங்களுடையது. சவர் என்றால் எங்களுக்குப் பழுது. அதில் அழகு எங்கிருந்து வரும்? மச்சான் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது பாதியைக் குசினியிலேயே விட்டுவிட்டு, முதல் பாதியை மட்டும் மேசைக்குக் கொண்டு போனேன். சவருக்கு இங்கிலீசில் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"கிணற்று உப்புத் தண்ணீர் போல இருக்கிறது, சேர்."

பிள்ளைகளே, இந்த வேலையில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும்போது முழுசாகக் கொண்டுபோங்கள். விளங்காத பாதியைத்தான் மிகக் கவனமாகக் கொண்டுபோக வேண்டும். அதைக் கொட்டிவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நான் சாட்சி.

இஞ்சினியர் முகம் கறுத்தது. போத்தல் கிணற்றில் கிடந்தது அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் துரைமாரின் போத்தலில் பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிற வேலைக்காரர்களைப் பற்றிய கதைகள் நிறைய உலவின. விருந்தாளிகளுக்கு முன்னால் தன் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது என்றால் அவர் என்ன நினைப்பார்? கீப்பரைக் கூப்பிட்டார். கீப்பர் நேரே குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

"வாயத் திற" என்றார் கீப்பர். மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திறந்தார். கீப்பர் குனிந்து முகர்ந்தார். அப்போதுதான் துப்பிய வைன், மணக்காமல் இருக்குமா?

"கள்ளன் நீதான்" என்றார் கீப்பர்.

மச்சான் பதறவில்லை. அதுதான் என்னை இன்றுவரை வாட்டுகிறது. அவர் பதறுவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை, நான் அங்கே நின்றேனே. என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்:

"காக்காட்டக் கேளுங்க ஐயா. காக்கா சொல்லுவாரு."

கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, உனக்குத் தெரியுமா?"

கரண்டியைக் கொடுத்தது நான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் என் நாக்கு இரவல் நாக்கு என்பது இஞ்சினியருக்குத் தெரிந்துவிடும். மரைக்காரின் மகன் கையில் கரண்டியும் வைனுமாகக் குசினிக்குள் திரிந்தான் என்ற கதை பின்னேரத்துக்குள் சாய்ந்தமருதுக்குப் போய்விடும். குடித்தான் என்றே போகும். வாப்பா பள்ளிவாசலில் எப்படித் தலை நிமிர்வார்? இதெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? சட்டியில் மீன் ஒரு பக்கம் சிவக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். தன் பக்கத்து நியாயம் ஒன்றும் அவர் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கிறதாகிவிடும் என்று விட்டாரோ, இனி என்னத்தைச் சொல்லி என்ன என்று விட்டாரோ, எனக்குத் தெரியாது. கீப்பர், "விருந்து முடியட்டும், மறுகா நீ போகலாம்" என்றார். மிச்ச மீனையும் மச்சான்தான் பொரித்து முடித்தார். நான்தான் அதைக் கொண்டுபோய் வைத்தேன். மேலதிகாரியின் மனைவி இரண்டாவது தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வெறும் தட்டுகளோடு திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. அவருடைய கத்தியும் தோள் துண்டும் இருந்த இடத்தில் இல்லை. அந்தக் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்போதெல்லாம் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் எந்தப் பெரிய குசினிக்குள்ளும் கால் வைக்க முடியாது. கள்ளன் என்று அனுப்பப்பட்டவருக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? இது எனக்கு நன்றாகத் தெரியும். சொறிக்கல்முனை சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் என்பதும் தெரியும். நான் போகவில்லை. மழை என்று ஒரு கிழமை, வேலை என்று ஒரு கிழமை. மூன்றாவது கிழமைக்குக் காரணம்கூட அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இடையில் ஒரு தடவை வராமல் விட்டு, நாலாவது கிழமை இஞ்சினியர் தனியாக வந்தார். தடிமன் மாறியிருந்தது. அதே பெட்டியில் வந்த இன்னொரு போத்தல். குசினியில் புது ஆள். கரண்டி பலகையிலேயே கிடந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் ஊற்றினேன். அவர் முகர்ந்தார், குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இதிலும் அந்த உப்பு இருக்கிறது" என்றார் மெதுவாக. "இந்தக் கொடி வளர்கிற மண்ணுக்குள் பழைய காலத்துக் கடற்சிப்பி கிடக்கிறது என்பார்கள். வாயில் கடைசியாக நிற்கிற இந்த உப்புக்காகத்தானே நான் இதை இவ்வளவு தூரம் கொண்டு வருகிறேன். அன்றைக்கும் இதுதானா? நீ ஏன் கிணற்றுத் தண்ணீர் என்றாய்?"

"நான் சொல்லவில்லை சேர்" என்று தொடங்கினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. என் நாக்கு யாருடைய நாக்கு என்பதையும், கரண்டியையும், குசினியில் விட்டுவிட்டு வந்த பாதி வசனத்தையும் சொன்னேன். அதுதான் இதுட அழகு என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "குடிக்கமாட்டேன் என்று முதல் நாளே நீ சொல்லியிருந்தால் நான் உன்னை அனுப்பியிருக்கமாட்டேன்" என்றார். கீப்பரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். கடதாசி கேட்டு வாங்கித் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். இவர் நேர்மையானவர், பிழை எங்களுடையது, இந்தக் கரையிலேயே திறமான நாக்கு இவருடையது என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் வந்துபோனார். ஆனால் ஒரு போத்தலைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை. ஊற்றென்று விரலைக் காட்டுவார், நான் ஊற்றுவேன்.

அந்தக் கடிதம் எழுதிய அடுத்த நாள் காலையில் சொறிக்கல்முனைக்குப் போனேன். வயலெல்லாம் பச்சையாக நின்றது. வீட்டு முற்றத்தில் அவருடைய மனைவி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் இன்னார் என்றதும் கை நின்றுபோனது.

"இருங்க, வயலுக்குள்ள நிக்கிறார், இப்ப வந்திருவார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்தபடியே, "அவர் இப்ப உப்புப் பாக்கிறல்ல. ஆக்கி முடிச்சு, கொஞ்சம் பாருங்களன் எண்டு கையில ஊத்தினாலும் மாட்டன் எண்டுறார். நான்தான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மச்சான் காலில் சேற்றோடு வந்தார். "வாங்க காக்கா" என்றார், நேற்றும் கண்டது போல. நான் கடிதத்தை நீட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கேட்டுவிட்டு மடித்து, சுவரில் இருந்த சிலுவைக்குப் பின்னால் செருகினார்.

"கீப்பர் உங்கள வரட்டாம்" என்றேன்.

"வேணாம் காக்கா. இனிக் கரண்டி தூக்கினா, ஆரோ வாய மணந்து பாக்கிற மாதிரியே இருக்கும்."

அவர் சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு எந்தக் குசினிக்குள்ளும் அவர் போகவில்லை. சில வருசங்களில் காய்ச்சலில் இறந்துபோனார். நான் மையத்து அடக்கத்துக்குப் போய்ப் பின்னால் நின்றேன். கடிதம் சிலுவைக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

நான் கடைசியாகச் சொல்ல வந்தது, அந்தக் காலையில் நான் புறப்படுகிற நேரத்தில் நடந்ததை. வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கருங்கல் வைத்துக் கட்டிய அவருடைய கிணற்றில் இருந்து தானே ஒரு வாளி இழுத்து, செம்பில் வார்த்து நீட்டினார். நான் வாயில் வைக்கப் போனதும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவசரப்படாதீங்க. வாயில வச்சிருந்து சொல்லுங்க, எப்படி எண்டு."

வாயில் வைத்திருந்தேன். பல்லுக்குள் குளிர் இறங்கியது. பிறகு ஈரக் கல் மணத்தது. விழுங்கிய பிறகு, நாக்கின் ஓரத்தில், மிக மெல்லியதாக ஒன்று நின்றது. நான் வாழ்நாளில் ஆயிரம் தரம் துப்பிய ருசி. அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக ருசித்தேன். இன்னொரு வாய் வேண்டும் போல இருந்தது.

"சவர் ஒரு துளி இரிக்கி மச்சான்" என்றேன். "அதுதான் இதுட அழகு."

அவர் தலையாட்டினார். வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, கோபமில்லாத குரலில் சொன்னார்:

"இத அண்டைக்குச் சொல்லியிருக்கலாம் காக்கா."

நான் செம்பில் இருந்த மிச்சத் தண்ணீரையும் குடித்தேன்.